அண்ணன் குரல்மேல் விழுந்த சத்தம்

அண்ணனின் முதல் வருஷத் திதிக்கு அவர் பாடியதையே போட வேண்டும் என்று அண்ணி ஆசைப்பட்டார். அண்ணன் தானே மெட்டுக் கட்டிய பாட்டு ஒன்று அவருடைய கைபேசியில் கிடந்தது. வாத்தியம் எதுவும் இல்லை, வெறும் குரல். கோயில் திருவிழாவோ கல்யாண வீடோ, எங்கள் எஸ்டேட்டில் அவர் பாடினால் பக்கத்தில் நான் கிட்டாரோடு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பழக்கத்தில்தான் அண்ணி கேட்டார்.

"ஒத்தையா பாடுற மாதிரி இருக்கு தம்பி. நீ வாசிச்சு சேத்துக் குடேன்."

சேர்த்துக் கொடுத்தேன். மறுநாளே போன் வந்தது.

"கோவிச்சுக்காத தம்பி. டக்கு டக்குன்னு என்னமோ இடிக்குது. அவரு குரலுமேலயே விழுது. அந்தச் சத்தத்த மட்டும் எடுத்துடு லா."

எனக்குக் கோபம்தான் வந்தது. எத்தனை மேடையில் வாசித்தவன், என்னிடமே குறை சொல்வதா? வீம்புக்காக இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்டேன். அண்ணி சொன்னது சரி. கம்பியைத் தட்ட விரல்களுக்கு நடுவில் பிடிக்கும் பிளாஸ்டிக் துண்டை 'பிக்' என்போம். அது கம்பியில் மோதும் சத்தம் ஒவ்வொரு தட்டுக்கும் கேட்டது. அண்ணன் மெதுவாக இழுத்துப் பாடும் இடங்களில் அந்த டக் அவர் வாயிலேயே அடிப்பதுபோல் இருந்தது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஒலிப்பதிவு செய்வது என்பதே ஒரு கூத்து. தகரக் கூரை, பலகைச் சுவர். மத்தியானம் ஆனால் மழை. மழை நின்றால் பக்கத்து வீட்டு டிவி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் பிரிஞ்சாங் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும் நேரம் மட்டும்தான் கொஞ்சம் அமைதி. கம்பளியைச் சுவரில் தொங்கவிட்டு, மலிவு விலை மைக் ஒன்றைக் கைபேசியில் செருகி, என் மனைவியைப் பொத்தான் அமுக்க உட்கார வைத்தேன்.

முதலில் மைக்கின் மேல்தான் பழியைப் போட்டேன். கிட்டாரின் ஓட்டைக்கு நேராக வைத்திருந்ததைக் கழுத்துப் பக்கம் நகர்த்தினேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. பிறகு பிக்கின் மேல். தடித்ததை ஒதுக்கிவிட்டு, ஐஸ்கிரீம் டப்பா மூடியில் மெல்லிசாக ஒன்று வெட்டி, முனையை உப்புத்தாளில் தேய்த்து வாசித்தேன். இடிப்பது போய்ப் படபடவென்று அடித்தது. கைபேசியிலேயே கூர்மையான சத்தத்தை அமுக்கிப் பார்த்தேன். கிட்டாரே கம்பளிக்குள் படுத்துக்கொண்டு அழுதது. இப்படியே மூன்று ஞாயிறு போயிற்று. திதி நெருங்கிவிட்டது. வீட்டில் எல்லார்மேலும் எரிந்து விழுந்தேன்.

கடைசியில் ஒரு காணொளியில் தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர் சொன்னார், பிக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள், நழுவாத அளவுக்கு லேசாகப் பிடித்தால் போதும் என்று. இவ்வளவுதானா என்று சிரித்தேன். காதில் அண்ணன் குரலை மாட்டிக்கொண்டு, பிடியைத் தளர்த்தி, கண்ணை மூடி வாசிக்க ஆரம்பித்தேன். முதல் சரணம் வரும்போது மனைவி என் முழங்காலைத் தட்டினாள்.

"என்னாங்க, பிக்கு கீழ கெடக்கு."

குனிந்து பார்த்தேன். கிடந்தது. எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றுமில்லாததை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருந்தன.

"குளுரு" என்றேன்.

எங்கள் மலைமேட்டில் எல்லாவற்றுக்கும் இதுதான் பதில். தேயிலை வெட்டும் மெஷினை ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நிரை நிரையாக நடக்க வேண்டும். என் எதிர்ப்பக்கம் வருஷக்கணக்காக அண்ணன்தான் பிடித்தார். இப்போது ஒரு வங்காளதேசத்துக்காரர் பிடிக்கிறார். இன்ஜினின் உதறல் தோள்வரை ஏறும். காலையில் எங்கள் எல்லாருக்குமே விரல் நுனி சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். குளிர் என்போம், சுடுதண்ணீரில் கையை விடுவோம், அக்குளில் வைத்துக்கொள்வோம். அண்ணனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"குளுருல்லாம் இல்ல. நீங்க மெஷினு புடிக்கிற மாதிரி பிக்க புடிக்கிறீங்க. அதான் அப்படி இடிக்குது" என்றாள் மனைவி.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்பது அவளுக்குக் கைவந்த கலை. பிக்கைத் தூக்கி எறிந்தேன். பிக் இருந்தால்தானே பிக் சத்தம், வெறும் கட்டைவிரலால் மீட்டினால் என்ன? பாட்டு முழுவதையும் அப்படியே வாசித்தேன். காதில் அண்ணன் குரல் மட்டும் கேட்டதால் என் கிட்டார் எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் நன்றாக வந்திருக்கிறது என்று மனசு சொன்னது. முடித்துவிட்டு இருவரும் ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டோம்.

டக் இல்லை. சுத்தமாக இல்லை. இரண்டு கம்பி ஒலித்தது, பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு ஒரு கம்பி. வாசித்தேன் என்று நான் நினைத்த பாதி இடங்களில் என் விரல் கம்பியைத் தொடவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. இப்படிப் பயந்தது அண்ணன் நிரைக்கு நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்றைக்குத்தான். கைபேசியையே வெறித்துக்கொண்டிருந்தேன்.

"தெரியுதா?" என்றாள் மனைவி.

"என்ன தெரியுதா?"

அவள் அழுதுகொண்டிருந்தாள். என் கட்டைவிரல் அவள் கையில் இருந்தது. நகம் பதியக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் என்ன வேலை என்று கேட்டார், சொன்னேன். மெஷினை உடனே விடச் சொன்னார். மெஷினை விட்டால் எஸ்டேட் வீட்டையும் விட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உணர்ச்சி திரும்பி வருமா என்று கேட்டேன். இருக்கிறதைக் காப்பாற்றப் பார்ப்போம் என்றார்.

திதியன்று அண்ணி வீட்டில் படையல் போட்டு, சாம்பிராணி காட்டி முடித்ததும் பாட்டைப் போட்டார்கள். அண்ணன் மூச்சு இழுப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. அண்ணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பக்கத்துல ஒக்காந்து பாடுற மாதிரியே இருக்கு தம்பி. ஒரு இடி இல்ல. அந்தச் சத்தத்த எப்படித்தான் எடுத்த?"

"கிட்டாரையே எடுத்துட்டேன் அண்ணி."