ஜப்பான்காரருக்குப் போட்ட மொட்டை

மூன்றாம் வகுப்போடு நின்று அரிசி மில் வைத்தவன் நான். என்னை அமுக்கிய ஒரே ஆள் பூதலூர் சலூன்காரர். ஓணான் உடம்பு, ஆனால் சவரம் செய்யும்போது கழுத்தைக் குஸ்திப் பிடியில்தான் பிடிப்பார்.

ஒரு காலத்தில் தஞ்சாவூருக்கு வந்து குஸ்தி போட்ட ஜப்பான்காரர் ஒருவர் தன் நாட்டில் இறந்த செய்தி வந்ததும், ரசிகர்களெல்லாம் சலூனில் கூடினோம்.

"பாவம், புள்ளை இல்லாத மனுசன். நம்மள்ல ஒருத்தர் மொட்டை போடணும்," என்றார் சலூன்காரர்.

குத்தகைத் தகராறில் இருந்த மிராசுதாரும் விவசாயிகள் சங்கத் தலைவரும் அந்த உரிமைக்கும் மோதினார்கள்.

"எந்தப் பக்கமும் சேராத ஆளு நீங்கதான்," என்று சலூன்காரர் என் கழுத்தைப் பிடித்தார்.

"நாளைக்குப் பொண்ணு பார்க்கப் போறேன்யா."

"அப்ப தோத்தேன்னு நாற்காலியத் தட்டுங்க, விட்டுடுறேன்."

நானா தட்டுவேன்?

மறுநாள் பெண்ணின் அப்பா என் தலையைப் பார்த்து, "யாருங்க தவறிட்டாங்க?" என்றார்.

"ஜப்பான்ல ஒருத்தருங்க."

"துக்கமாச்சே. ஒரு வருசம் கழிச்சு வாங்க."

இதைச் சலூன்காரரிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சுங்க, வருசத் திதியையும் நீங்களே கொடுத்துடலாம்," என்றார். அவரை என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.