ஒருவர் மட்டும் ஏறும் விமானம்

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில், நகப்பூச்சுக் கடையில் மகளுக்காகக் காத்திருந்தபோது, திறந்த பூச்சுப் போத்தலிலிருந்து அந்த வாசம் வந்தது. நான் சிறுமியாக இருந்தபோது, கபோ சந்தைப் பக்கம் அம்மா வீட்டுவேலை செய்த இத்தாலிய ஐயா, நாங்கள் ‘சிஞ்ஞோரே’ என்று கூப்பிடுபவர், அவருடைய கராஜில் இதே வாசம்தான் எப்போதும் நிற்கும். மனைவியை இழந்த அந்தக் கிழவர், பிரான்சிலிருந்து வரவழைத்த பழைய வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவைத்து, ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய சின்ன விமானமொன்றை மரத்தில் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தார். அவருடைய சட்டைகளை மினுக்கி முடித்ததும், அம்மா அதே ஸ்திரிக்கைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கராஜுக்கு இறங்கி, இறக்கையில் ஒட்டியிருந்த துணியை மெல்ல மெல்லச் சூடுகாட்டி இறுக்குவார். பிறகு சிஞ்ஞோரே அதன்மேல் அந்த வாசமடிக்கும் வார்னிஷைப் பூசுவார்.

“நைலெக்ஸ் சேலைக்கு வைக்கிற சூடுதான் பிள்ளை, கூடினால் பொசுங்கிப்போடும்” என்பார் அம்மா. பிறகு இறக்கையை விரலால் சுண்டுவார். மேளம்போலச் சத்தம் வந்தால் சிஞ்ஞோரே தலையாட்டுவார்.

“அம்மா, எங்களையும் ஏத்துவாரோ?”

“ஒராள்தான் இருக்கலாம். அவர் போகட்டும்.”

எஞ்சின் வாங்குமுன் அவர் இறந்துபோனார். அவருடைய பிள்ளைகள் வந்து விமானத்தை உடைத்து லொறியில் ஏற்றினார்கள். கராஜ் இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்கும் அறை. அவர் இறந்த அன்று நான் அழவில்லை. அம்மாவும் அழவில்லை. சவப்பெட்டியில் அவருக்குப் போடவேண்டிய வெள்ளைச் சட்டையை அம்மாதான் மினுக்கினார். முடித்ததும், பழக்கத்தில், அதன் நெஞ்சுப்பக்கத்தை விரலால் ஒருமுறை சுண்டிவிட்டு, சத்தத்துக்காகக் காத்து நின்றார்.