வட்டப் பரிசலில் அக்னி மூலை

என் பரிசல் கவிழ்ந்ததற்கு என் மச்சான்தான் காரணம். இதில் சுற்றி வளைக்க ஒன்றும் இல்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பென்னாகரத்தில் வீடு வீடாக இன்வெர்ட்டர் மாட்டுகிறவர். நான் ஆற்றில் பரிசல் ஓட்டுகிறவன். பரிசலுக்கு இன்வெர்ட்டர் எதற்கு? கல்யாண ஜோடிகளைப் படம் எடுக்கும் போட்டோக்காரர் ஒருவர், என் பரிசலில் பெண் உட்கார்ந்திருக்கும்போது முந்தானை பறக்க வேண்டும் என்றார்.

"ஆத்துல காத்து அடிக்குமேங்க."

"அது நெனச்சா அடிக்கும். எனக்கு நான் சொன்னா அடிக்கணும்."

ஆகவே ஒரு ஸ்டாண்டு ஃபேன். ஃபேனுக்கு இன்வெர்ட்டர். காலை முழுக்க ஓட இரண்டு பேட்டரி. இந்த ஜோடியின் படம் நன்றாக அமைந்தால், முகூர்த்த மாதம் முழுக்க எல்லா ஜோடிக்கும் என் பரிசல்தான் என்று சொல்லியிருந்தார். எனக்கு அது போதும்.

பேட்டரி ஒவ்வொன்றும் சிமெண்ட் மூட்டைக் கனம். நடுவில் வைத்துக் கட்டிவிடலாம் என்றேன். மச்சான் செல்போனில் திசைகாட்டியைத் திறந்தார்.

"மாப்ள, பேட்டரின்னா நெருப்பு. நெருப்பு தென்கிழக்குலதான் இருக்கணும். அக்னி மூல."

"பரிசல் வட்டம் மச்சான். வட்டத்துல ஏது மூல?"

"நூறு வூட்டுக்கு மாட்டியிருக்கன். எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

வீட்டில் வைப்பது போலவே சக்கரம் வைத்த தட்டில் பேட்டரிகளை ஏற்றினார். கயிறு கட்டவும் விடவில்லை. கட்டிவிட்டால் திசைக்குத் தக்கபடி எப்படி நகர்த்துவது என்று கேட்டார். அப்போதே அவரைக் கரையில் இறக்கி விட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலை பெண், மாப்பிள்ளை, பெண்ணின் அப்பா, மச்சான், நான். போட்டோக்காரர் கரைப் பாறைமேல் நின்றார். ஃபேன் ஓடியது. முந்தானை பறந்தது. "சூப்பர்!" என்று கத்தினார். நான் ஒரு துடுப்புப் போட்டேன். பரிசல் திரும்பியது. பரிசல் என்றால் திரும்பும். அதன் பிழைப்பே அதுதான்.

மச்சான் செல்போனைப் பார்த்து அலறினார். "மாப்ள! பேட்டரி வடகிழக்குக்குப் போயிடுச்சு!"

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். "ஈசானியத்துல நெருப்பா? கல்யாணப் பொண்ணு உக்காந்திருக்குது!"

இருவரும் தட்டைத் தள்ளினார்கள். கனம் மாறியதும் பரிசல் மறுபடி திரும்பியது. "இப்ப மேற்கு!" மறுபடி தள்ளினார்கள். மாப்பிள்ளை ஃபேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, நெருப்பு அங்கயே இருக்கட்டும். நான் எறங்கிக்கறன்" என்றது பெண். எங்களில் புத்தி இருந்தது அதற்கு மட்டும்தான்.

நான்காவது தள்ளலில் தட்டு நிற்கவில்லை. வயரைப் பிடுங்கிக்கொண்டு விளிம்புக்கு உருண்டது. நல்லவேளை, ஃபேன் அதற்குள் நின்றுவிட்டது. பரிசல் கவிழ்ந்து, முழங்கால் தண்ணீரில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பெண் மட்டும் சிரித்தது. போட்டோக்காரர் எடுப்பதை நிறுத்தவே இல்லை. மச்சான் ஒரு கையால் பேட்டரியை அணைத்துக்கொண்டு, மறு கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம் இன்று பென்னாகரம் முழுக்க வாட்ஸப்பில் ஓடுகிறது.

"அடுத்த ஜோடிக்கு வேற பரிசல் பாத்துக்கறங்க" என்று போட்டோக்காரர் போய்விட்டார். என் முகூர்த்த மாதம் அதோடு போயிற்று.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மச்சான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார் தெரியுமா? "மாப்ளைக்குத் துடுப்புப் போடத் தெரியல. பரிசலச் சுத்த வுட்டுட்டாரு. என் வேலையில ஒரு கொறையும் இல்ல."

இருபது வருடமாகத் துடுப்புப் போடுகிறேன்.

மச்சான், ஞாயிற்றுக்கிழமை காலை அதே டீக்கடைக்குப் பரிசலை டெம்போவில் ஏற்றிக் கொண்டுவருகிறேன். எல்லோர் முன்னாலும் அதில் அக்னி மூலையைச் சாக்பீஸால் குறித்துக் காட்டுங்கள். நான் பரிசலை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன். அதன் பிறகு அக்னி மூலை எங்கே என்று, அங்கேயே, சத்தமாகப் பதில் சொல்லுங்கள்.