கண்ணை மூடிக்கொண்டு பார்த்த படங்கள்

மொன்ட்ரியாலில் ஒரு சின்னத் தியேட்டரில் இரண்டு வருடத்துக்கும் மேலாக, அநேகமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் புதுப்படத்துக்குப் போயிருக்கிறேன். அங்கே ஓடிய படங்களில் ஒன்றைத் தவிர வேறு எதன் கதையும் எனக்குத் தெரியாது. விளக்கு அணைந்ததும் நித்திரையாகிவிடுவேன். டிக்கெட் எடுத்ததே அதற்காகத்தான்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. ஊரில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. என் கணவர் பல வருடமாக மாதா கோயில்காரரைப் பிடித்து, பொறுப்பெடுக்கச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம் எழுதி, தன் தம்பியையும் தம்பியின் மனைவியையும் ஒருமாதிரி இங்கே எடுத்துவிட்டார். வந்த வருடமே அவர்களுக்குப் பிள்ளையும் பிறந்தது. மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வீடு நாலரை. இங்கே வீட்டை அப்படித்தான் எண்ணுவார்கள், அடுப்படியும் சேர்த்து நாலு அறை, அந்த அரை என்பது குளியலறை. நாங்கள் நாலு பேர், அவர்கள் மூன்று பேர். அவர்களைக் கூப்பிடச் சொன்னதில் நானும் ஒருத்தி, அதை மறைக்க வேண்டியதில்லை. விமானநிலையத்துக்குப் போய்க் கட்டிப்பிடித்து அழுதவளும் நான்தான்.

நான் அப்போது ஒரு பாண் தொழிற்சாலையில் இரவு வேலை. விடிய வீட்டுக்கு வருவேன். கணவர் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் பகல் வேலை, அவர் அதற்கு முன்பே போயிருப்பார். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு ஒன்பது மணிக்குக் கட்டிலில் சரிவேன். ஒன்பதேகாலுக்கு அறைக்கதவு மெல்லத் திறக்கும்.

"அக்கா, நித்திரையோ?"

நித்திரையாக இருக்கிற ஒருத்தி இதற்கு என்ன பதில் சொல்வது? "இல்லை, சொல்லும்" என்பேன். கணவரின் தம்பி மனைவி கட்டில் விளிம்பில் வந்து குந்துவாள். பிள்ளையின் மலம் பச்சையாகப் போவது, தாய் தொலைபேசியில் அழுதது, ஜன்னலுக்கு வெளியே மூன்று நாளாக ஒரு மனிதரும் நடமாடாதது என்று ஒவ்வொன்றாய்ச் சொல்வாள். இருபத்துநாலு வயது. பாஷை தெரியாது, பனி தெரியாது, கணவனும் வேலைக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் கதைக்க நான் ஒருத்திதான். அவள் மேல் கோபப்பட எனக்கு முடியவில்லை. முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒருநாளும் வாய் திறந்து சொல்லவில்லை. எனக்கு நித்திரை வேண்டும் என்று சொன்னால், அது நீங்கள் எப்போது வேறு வீடு பார்க்கப் போகிறீர்கள் என்றுதான் அவர்கள் காதில் விழும். மைத்துனர் ரோசக்காரர், அடுத்த மாதமே கைப்பிள்ளையோடு ஏதாவது நிலக்கீழ் அறைக்குப் போய்விடுவார். கணவரின் அத்தனை வருடப் பாடும் என் ஒரு கொட்டாவியால் பாழாகும். அதனால் கண்ணெரிய எரியச் சிரித்துக்கொண்டு திரிந்தேன். தொழிற்சாலையில் ஒருமுறை நின்றபடியே நித்திரையாகி, மாத்தட்டோடு சரியப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ஹெயிட்டிக்காரி சட்டையில் பிடித்து இழுத்திராவிட்டால் என்னவாகியிருக்குமோ தெரியாது.

செவ்வாய்க்கிழமைகளில் நான்தான் கடைக்குப் போவேன். சாமான் பைகளோடு பஸ் மாறும் இடத்துக்கு எதிரே அந்தத் தியேட்டர். ஒரேயொரு மண்டபம், ஒரேயொரு திரை. பெரிய கடைத்தொகுதிகளில் இருக்கும் தியேட்டர்களுக்கு வராத சின்னச் சின்னப் பிரெஞ்சுப் படங்கள் அங்கே வரும். ஒரு ஜனவரியில் பஸ் வரவேயில்லை. கால்விரல் மரத்துப்போய், குளிருக்கு ஒதுங்கலாம் என்று உள்ளே போனேன். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் மத்தியானக் காட்சிக்கு ஒரு டிக்கெட் எடுத்தேன். கடைசி வரிசையில், சூடு வரும் குழாயின் பக்கம் உட்கார்ந்ததுதான் ஞாபகம். படத்தின் பெயர் வந்ததைக்கூட நான் பார்க்கவில்லை. கண் விழித்தபோது விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. காலடியில் பையிலிருந்த மீன் இளகி, தண்ணீர் எனக்கு முன்னால் இருந்த வரிசை வரை ஓடியிருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒருவரும் என்னை நித்திரையோ என்று கேட்கவில்லை.

அதற்குப்பிறகு செவ்வாய்க்கிழமைக்காகத்தான் மற்ற ஆறு நாளும் உயிரோடு இருந்தேன். வீட்டில் "கடைக்குப் போறன்" என்று மட்டும் சொல்வேன். மீனைக் கடைசியாக, படம் முடிந்த பிறகு வாங்கப் பழகிக்கொண்டேன்.

தியேட்டரில் எல்லா வேலைக்கும் ஒரே மனிதர். முழங்கையில் ஒட்டுப்போட்ட கம்பளிச் சட்டை, காதுக்கு மேலே ஒரு பென்சில். டிக்கெட் விற்பதும் அவர், அதைக் கிழிப்பதும் அவர், சோளப்பொரி அள்ளிக் கொடுத்துவிட்டு மேலே ஓடிப்போய்ப் படம் போடுவதும் அவர். வெள்ளிக்கிழமைகளில் ஏணி வைத்து ஏறி, வாசலுக்கு மேலே புதுப்படத்தின் பெயரை எழுத்தெழுத்தாக மாட்டுவார். என்னைக் கண்டால் பிரெஞ்சில், "இன்றைக்கு அமைதியான படம், மதாம்" என்பார். சில கிழமைகளில் முகத்தைச் சுளித்து, "இன்றைக்குச் சரியான சத்தம், கடைசியில் துவக்குச் சூடும் இருக்கிறது" என்பார். படத்தைப் பற்றி எல்லாரிடமும் அப்படித்தான் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். வெளியே வரும்போது, "பிடித்ததா?" என்று கேட்பார். "மிக நன்று" என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சிக்கல் அடுத்த வருடத் தபசு காலத்தில் வந்தது.

எங்கள் வீட்டில் தபசு காலம் என்றால் விளையாட்டில்லை. கணவர் மன்னார்க்காரர், செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு பிறந்தவர். சாம்பல் புதன் அன்றே தொலைக்காட்சிப் பெட்டியைக் கட்டில் விரிப்பால் மூடிவிடுவார். அது ஈஸ்டர் வரை ஒரு மூலையில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்கும். இறைச்சி இல்லை, படம் இல்லை, அவருக்குத் தேத்தண்ணியில் சீனியும் இல்லை. நாற்பது நாளும் கசப்புத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்பார்.

நானும் யோசித்தேன்தான். ஆனால் படம் பார்த்தால்தானே ஒறுத்தல் கெடும்? நான் கண்ணை மூடிக்கொண்டுதானே இருக்கிறேன். காதில் விழுகிற பிரெஞ்சும் அரைவாசி விளங்காது. இப்படியெல்லாம் சட்டத்தரணி மாதிரி வாதாடி, கடவுளோடு என் கணக்கைத் தீர்த்துக்கொண்டு போனேன். கோயிற் பாடகர் குழுவில் பாடும் ஒரு மாமி பஸ்ஸுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார் என்று நான் எண்ணவில்லை.

சிலுவைப்பாதை முடிந்து அந்த மாமி மைத்துனரின் மனைவியிடம் சொல்ல, அவள் கள்ளமில்லாமல் அதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தாள்.

"அக்கா ஒவ்வொரு கிழமையும் தியேட்டருக்குப் போறவவாம், மாமி ரெண்டு தரம் கண்டவவாம். அது வேற ஆரோ எண்டு நான் சொன்னன்."

கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஞாயிறு பூசை முடிந்து பனிச்சேற்றில் நடந்து வரும்போதுதான் கேட்டார். பிள்ளைகள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"நீர் தியேட்டருக்குப் போறனீரோ?"

"ஓம்."

"தபசு காலத்திலயுமோ?"

"நான் படம் பாக்கேல்லை."

"தியேட்டருக்குள்ள போயிருந்து படம் பாக்காமல் வேற என்ன செய்தனீர்?"

அப்போதுதான் நான் சொன்னதன் விபரீதம் எனக்கே உறைத்தது. அவசரமாக மாற்றி, "சரி, பாத்தனான்" என்றேன். போன கிழமை பார்த்த படத்தின் கதையைச் சொல்லச் சொன்னார். எனக்கு ஒரு வரி தெரியாது. அதற்கு முந்திய கிழமைப் படம்? அதுவும் தெரியாது. ஆண் நடித்ததா பெண் நடித்ததா என்றுகூடத் தெரியாது. அவர் நின்று என் முகத்தைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அடித்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது. நித்திரைகொள்ளப் போகிறேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வீட்டில் கட்டில் இல்லையோ என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் பிறகு எல்லாம் சொல்ல வேண்டி வரும்.

"வாற செவ்வாய்க்கிழமை நீங்களும் வாங்கோ" என்றேன். வேறு என்ன செய்ய?

வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். டிக்கெட் கொடுக்கும் மனிதர் என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"நீங்கள்தான் கணவரா? நல்லது. இன்றைக்கு அமைதியான படம், நன்றாக நித்திரைகொள்வா. பாவம், அவ்வளவு களைப்பு. சத்தமான படங்கள் வரும்போது முன்கூட்டியே சொல்லிவிடுவேன்."

எனக்கு நிலம் பிளக்காதா என்று இருந்தது. இவ்வளவு காலமும் அந்த மனிதர் என் நித்திரைக்குத்தான் படம் பார்த்துச் சொல்லியிருக்கிறார். என் கணவரின் பிரெஞ்சு என்னுடையதைவிட நல்லது. ஒரு சொல் விடாமல் விளங்கியிருக்கும். அவர் உள்ளே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் குளிர் அங்கியைக் கழற்றி என் மடியில் போர்த்துவிட்டார்.

"படும்" என்றார்.

படு என்று சொன்னால் நித்திரை வருமா? விழித்துக்கொண்டு கிடந்தேன். பத்து நிமிடத்தில் அவருடைய தலை என் தோளில் சரிந்தது. மெல்லிய குறட்டை. இந்த மனிதனும் ஐந்து வருடமாக விடியமுன் எழும்பி ஓடுகிறவர்தானே என்று அப்போதுதான் நினைத்தேன். தோளை அசைக்காமல், முதல்முறையாக, திரையைப் பார்த்தேன்.

ஒரு வயதான மனுசி. புருசன் இல்லை. வேலை போன மகன் மனைவி பிள்ளைகளோடு வீட்டுக்குத் திரும்பி வருகிறான். பிறகு மகளும் வருகிறாள். எல்லாரும் நல்லவர்கள், அதுதான் கஷ்டம். மனுசி சமைக்கிறாள், கழுவுகிறாள், சிரிக்கிறாள். கடைசியில் ஒருநாள் ஒருவரிடமும் சொல்லாமல் சின்னப் பெட்டியோடு வெளிக்கிட்டு, ஆற்றங்கரையில் ஒரு வாடகை அறைக்குப் போய், கதவைப் பூட்டிவிட்டு, கட்டிலில் சப்பாத்தோடு நீட்டி நிமிர்ந்து படுக்கிறாள். அவ்வளவுதான் படம். நான் அழுதேன். துக்கத்தில் அழவில்லை, பொறாமையில் அழுதேன்.

திரும்பும் பஸ்ஸில் அவர் கேட்டார். "என்ன கதை?"

சொன்னேன். இடையில் நிற்காமல், அந்தக் கட்டில் வரை சொன்னேன். அந்தப் பூட்டிய கதவைச் சொல்லும்போது என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். ஒன்றும் நான் சொல்லாமலே எல்லாம் சொல்லியாகிவிட்டது, இனி அவர் தம்பியோடு கதைப்பார் என்று ஒரு நப்பாசை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மைத்துனரின் மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வந்தாள். "எங்க அண்ணை, ரெண்டுபேருமாப் போட்டு வாறியள்?"

"படத்துக்கு" என்றார் கணவர்.

அவள் முக்காடு போட்ட தொலைக்காட்சியைத் திரும்பிப் பார்த்தாள். "தபசு காலத்திலயோ!"

"ஓம், நான்தான் கூட்டிக்கொண்டு போனன். இவவுக்குப் பிரெஞ்சு பழகவேணுமெல்லோ, அதுதான் ஒவ்வொரு கிழமையும் போகச் சொன்னதும் நான்தான். நல்ல படம் பிள்ளை, நானும் முழுக்கப் பாத்தன்." கதிரையில் உட்கார்ந்து, சப்பாத்துக்கூடக் கழற்றாமல், நான் பஸ்ஸில் சொன்ன கதையை அப்படியே சொன்னார். மனுசி, மகன், மகள், சமையல், சின்னப் பெட்டி எல்லாம் சரியாக வந்தன. நான் அடுப்படியில் அரிசி கழுவிக்கொண்டு கேட்டேன்.

"பிறகு, பஸ் நிலையம் மட்டும் போன மனுசிக்கு மனம் கேக்கேல்லை. திரும்பி வந்திட்டுது. எல்லாரும் அந்த ஒரு வீட்டிலயே சந்தோசமா இருந்தினம். அதோட படம் முடிஞ்சுது."

என் கை பானைக்குள் நின்றுவிட்டது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் பார்த்த ஒரேயொரு படம், அதன் முடிவையும் என்னிடமிருந்து எடுத்துவிட்டார். பொய் சொல்லாத மனிதன் தபசு காலத்தில் என்னைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னார், உடனேயே அவளைக் காப்பாற்ற இன்னொன்றும் சொன்னார். இரண்டாவதுதான் எனக்கான பதில் என்று விளங்கியது. தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நல்ல முடிவு, என்ன அக்கா?" என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது.

"ஓம்" என்றேன். "நல்ல முடிவு."

பெரிய வெள்ளிக்கு முன் அவர் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனார். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. செவ்வாய்க்கிழமைகளில் மாத்திரம் வேலையிலிருந்து வந்ததும், "இண்டைக்குச் சத்தமில்லாத படமோ?" என்று மெல்லக் கேட்பார்.

அவர்கள் இன்னும் ஒன்றரை வருடம் எங்களோடு இருந்துவிட்டுத்தான் புரோசார்டுக்குப் போனார்கள். அதுவரை நான் படத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டே போனேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் தேத்தண்ணியோடு வந்து குந்திக்கொண்டு கதை கேட்பாள். நித்திரைகொண்டு எழும்பி வந்தவளுக்குக் கதைக்கு எங்கே போவது? பஸ்ஸில் வரும்போதே ஒன்றைக் கட்டிக்கொண்டு வருவேன். அந்தத் தியேட்டரில் அந்த ஒன்றரை வருடமும் ஓடிய புதுப்படங்களில், நான் சொன்னபடி, ஒருவரும் வீட்டைவிட்டுப் போகவேயில்லை.