தின்னர் தட்டும் வெள்ளிக்கிழமை விளக்கும்

பாகங்களை ஒட்டி, பெயின்ட் அடித்து, உள்ளங்கை அளவுக்குக் கார் செய்யும் பழக்கம் இன்னும் பத்து வருடம் தாங்குமா? சிவராம் என்னிடம் இப்படிக் கேட்டார். பாகங்கள் அடங்கிய கிட் பெட்டியின் விலை ஏறிக்கொண்டே போகிறது, பையன்கள் செய்து வைத்த காரையே வாங்கிவிடுகிறார்கள் என்று அவரே காரணங்களை அடுக்கினார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவருடைய பயம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

சிவராமுக்குக் கொல்கத்தா துறைமுக அலுவலகத்தில் வேலை. லேக் மார்க்கெட் பக்கம் இரண்டாவது மாடியில் அவரும் மனைவி வத்சலாவும் இருக்கிறார்கள். வீட்டில் உபரியாக இருப்பது ஒரு சின்ன அறை. ஒரு பக்கம் அவருடைய கார் மேசை. எதிர்ப்பக்கம் தரையோடு ஒரு மணை, அதன் மேல் சாமி படங்கள், குத்துவிளக்கு.

கொல்கத்தா மழைக்காலத்தில் பெயின்ட் அடிப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. காற்றில் ஈரம் இருந்தால் பளபளக்க வேண்டிய பெயின்ட் பால் படிந்ததுபோல் வெளுத்துவிடும். அதனால் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணியைத் திணித்துக்கொண்டு அடிப்பார்கள். அப்படியும் அன்று சிவராமின் மஞ்சள் டாக்சி வெளுத்துப் போயிற்று. ஹவுராவிலிருக்கும் நண்பர் முகமது இஸ்மாயில் கம்ப்யூட்டரில் வரைந்து, 3டி மெஷினில் அச்சடித்துக் கொடுத்த ரெசின் பாடி அது. பெயின்டைக் கரைத்தெடுக்கத் தின்னரில் போட்டால் சாதாரண கிட் பிளாஸ்டிக் இளகிவிடும். இது கொஞ்ச நேரம் தாங்கும். அகலமான தட்டில் தின்னரை ஊற்றி, பாடியை அதில் ஊறப்போட்டு, மேசைக்கடியில் தரையில் வைத்தார். உப்புத்தாள் தீர்ந்திருந்தது. வாங்கிவரலாமென்று கரியாஹாட் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். ஜன்னல் சாத்தியபடியே இருந்தது.

கடையில் விளக்கு வைக்கும் நேரம். கடைக்காரர் ஊதுபத்தி ஏற்றுவதற்கு முன் கல்லா பக்கமிருந்த தின்னர் பாட்டில்களைத் தூக்கி உள்ளே வைத்தார்.

"கடை போனாப் போகட்டும் அண்ணா. மீசை போச்சுன்னா பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா" என்று வங்காள மொழியில் சொல்லிச் சிரித்தார்.

சிவராம் சிரிக்கவில்லை. தின்னர் ஆவி கனமானது, தரையோடு ஊர்ந்து போய் நெருப்பைப் பிடித்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இன்று வெள்ளிக்கிழமை. வத்சலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, முகம் கழுவி, நேரே விளக்குக்கு முன்னால் உட்காருவாள்.

போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். பள்ளியில் சத்தத்தை நிறுத்தி வைப்பவள், வீட்டுக்கு வந்தும் பையிலிருந்து போனை எடுக்க மாட்டாள். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால், நான்காவது ஆள் வரட்டும் என்றான் ஓட்டுநர். அவன் கையைப் பிடித்துக் கெஞ்சினார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் வண்டியை எடுத்தான்.

அண்ணி என்ற பொருளில் பௌதி என்று கூப்பிடும் கீழ்வீட்டு மேக்னாவின் நினைவு வந்து, ஆட்டோவிலிருந்தே போன் போட்டார். "பௌதி, மேல போய் வத்சலாவ வெளிய கூட்டிட்டு வாங்க. நெருப்புப் பத்தவைக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"இதோ போறேன், பெல் அடிச்சு..."

"பெல்லத் தொடாதீங்க, பொறி வந்தாலே பத்திக்கும். கையால தட்டுங்க. லைட்டும் போடவேண்டாம்."

பௌதி போனை வைத்துவிட்டார், அப்புறம் ஒரு செய்தியும் இல்லை. வழியெல்லாம் அவர் லேக் மார்க்கெட் பக்கத்து வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். மழை மேகத்தின் கறுப்பா, புகையா என்று அவருக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

வத்சலா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் தீப்பெட்டி.

"ரெண்டு மூணு குச்சி உரசினேங்க. பத்தவே இல்ல, மழைக்கு நமுத்துக் கிடக்கு. அடுப்படி லைட்டர் எடுக்கலாம்னு எழுந்தேன், பௌதி கதவ இடிச்சாங்க."

"நாத்தம் தெரியலையா உனக்கு?"

"இந்த வீட்ல அது என்னிக்கு இல்லாம இருந்துச்சு? கல்யாணமாகி வந்த நாள்லேருந்து இதே நாத்தம்தான்."

சிவராம் அதே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு உள்ளே போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஹவுராவில் கார் செய்பவர்கள் கூடினார்கள். கதையைக் கேட்ட இஸ்மாயில், "டாக்சிக்கு எத்தன பாடி வேணும்னாலும் அச்சடிச்சுத் தர்றேன் சிவா. வத்சலா அண்ணிய எந்த மெஷின்ல அச்சடிக்கிறது?" என்றார். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவர் சமையலறையில் பெயின்ட் அடிக்கிறார். இன்னொருவர் கொசுவத்திச் சுருளுக்குப் பக்கத்தில். இனி ஸ்ப்ரே வேலையெல்லாம் இஸ்மாயிலின் திறந்த கொட்டகையில்தான் என்று முடிவானது. அவ்வளவு தூரம் வரமுடியாது, கார் செய்வதையே விட்டுவிடுகிறேன் என்று சிலர் சொன்னதும் உண்மை.

வீட்டில் இப்போது தின்னர் இல்லை. ஆனாலும் விளக்கு ஏற்றுமுன் வத்சலா தீப்பெட்டியை வைத்துக்கொண்டு, "ஏத்தலாமாங்க?" என்று கேட்கிறாள். சிவராம் எழுந்து போய் ஜன்னலைப் பார்க்கிறார், மேசைக்கடியில் குனிந்து முகர்கிறார். அதற்குப் பிறகும் 'ம்' என்று சொல்ல அவருக்கு வாய் வருவதில்லை.

உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர் வீட்டிலோ மூடிய அறையில் பெயின்ட் அடிப்பவர் யாராவது இருந்தால், இதை அவருக்குச் சொல்லுங்கள். அவரோடு அந்த வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.