தங்கைக்குக் கிண்டிய களி

என் தங்கை எனக்கு முன்னால் வயதுக்கு வந்துவிட்டாள். அவள் அப்போது எட்டாவது, நான் பத்தாவது. எழுபதுகள் முடிகிற நேரம். ஒரு சனிக்கிழமை காலையில் அம்மா கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். தங்கை போய் அவள் காதில் ஏதோ சொன்னாள். அம்மா கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பியவள், வாளியோடு நின்ற என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

தேரடி வீதிக்குப் பின்னால் ஒரே கிணற்றை வைத்துக்கொண்டு நான்கு குடித்தனம் இருந்த வீடு அது. எதற்கும் முதலில் வருகிறவர் எதிர் போர்ஷன் அத்தைதான். சொந்த அத்தை இல்லை, அப்படிக் கூப்பிடுவோம். அன்றும் அவர்தான் முதலில் வந்தார்.

“இன்னாடி இது, பெரியவ வெளிய நிக்கறா, சின்னவ முந்திக்கினு உள்ள போயிட்டா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டத்தில் வேறு என்ன செய்வதென்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து மாமா வந்து, பின்வாசலில் பச்சைத் தென்னங்கீற்றால் மறைப்புக் கட்டினார். அதற்குள் தங்கைக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். யாரும் அவளைத் தொடக்கூடாது. சாப்பாடு கொண்டுபோகிற வேலை மட்டும் எனக்கு வந்தது.

“நீதான் இன்னும் சின்னப் பொண்ணாச்சே, உனக்குத் தீட்டு ஒட்டாது. நீயே கொண்டும்போய் வை” என்றாள் அம்மா.

அவளைவிட இரண்டு வயது பெரிய நான் சின்னப் பெண்.

காலையில் வெறும் வயிற்றில் அவளுக்கு ஒரு நாட்டுக்கோழி முட்டை. உடைத்துப் பச்சையாக விழுங்க வேண்டும். காலியான ஓட்டில் நல்லெண்ணெய் நிரப்பி அதையும் குடிக்க வேண்டும். அதன்மேல் உளுந்தங்களி. அம்மா உளுந்தை வறுத்து அரைத்து, வெல்லப்பாகு ஊற்றிக் கிண்டுவாள். சூடான உருண்டையின் நடுவில் குழி பறித்து எண்ணெய் விடுவாள். அந்த வாசனை நான்கு குடித்தனத்துக்கும் போகும். சாயங்காலம் அக்கம்பக்கத்தார் புட்டு கொண்டுவருவார்கள்.

“அக்கா, கொமட்டுதுக்கா. என்னால முடியலக்கா” என்று தங்கை கண்ணில் தண்ணீரோடு சொல்வாள்.

“மூக்கைப் புடிச்சிக்கினு முழுங்குடி. இடுப்பு எலும்பு கெட்டியாவணும். புள்ள பெக்கறப்ப என்னை நெனைச்சிப்ப” என்று அம்மா நிலைப்படியிலிருந்து அதட்டுவாள். அவள் கடைசி வாய் விழுங்குகிறவரை அம்மா அங்கிருந்து நகரமாட்டாள்.

நான் தின்கிறேனா இல்லையா என்று அம்மா ஒரு நாளும் அப்படி நின்று பார்த்ததில்லை. நான் உள்ளே போய்க் கேழ்வரகுக் கூழைக் கரைத்துக் குடிப்பேன். அதற்கு முன்னால், யாரும் பார்க்காதபோது, களி கிண்டின சட்டியில் ஒட்டியிருக்கிற காந்தலைக் கரண்டியால் சுரண்டித் தின்பேன். சத்தம் கேட்கக்கூடாது என்று மெல்ல மெல்லச் சுரண்டுவேன். அது எவ்வளவு ருசியாக இருந்ததோ, அவ்வளவுக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது. கிடைக்கிறவளுக்குக் குமட்டுகிறது.

ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டேன்.

“எனக்கும் கொஞ்சம் குடும்மா.”

“உனக்கும் ஆவும் இல்ல? அப்ப கிண்டித் தரேன். இப்பவே துன்னுட்டா அப்புறம் இன்னா இருக்குது?”

அப்பா மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடுகிறவர். உளுந்தும் முட்டையும் எங்கள் வீட்டில் தினம் வாங்குகிற பொருளில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அம்மா சொன்னது அதனால் இல்லை. உடம்பு முதலில் தன் வேலையைச் செய்ய வேண்டும், சாப்பாடு அப்புறம் வரும். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் முறை அதுதான். அது தலைகீழாக இருக்கிறதென்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மஞ்சள்தண்ணீர் ஊற்றினார்கள். மாமா சீர் வைத்தார். தங்கை தாவணிக்கு மாறினாள். இரண்டு பேரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போவோம், அவள் தாவணியில், நான் பாவாடை சட்டையில். பேனாவுக்கு மை போடுகிற கடைக்காரர் அவளை “இன்னாம்மா வேணும்” என்று கேட்பார். என்னை “பாப்பா, நீ தள்ளி நில்லு” என்பார். தங்கை வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். ஒரு நாள் அவளுடைய தாவணியை மடித்து வைக்கிற சாக்கில் எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். தோளில் நிற்கவில்லை. நழுவி நழுவி விழுந்தது.

அப்போதுதான் எதிர் போர்ஷன் அத்தை ஒரு வழி சொன்னார்.

“பெரியவளைக் கிருத்திகை விரதம் இருக்கச் சொல்லேன். முருகன் சீக்கிரம் கண்ணைத் தொறப்பான். வெள்ளிக்கிழமையிலும் ஒரு வேளை விட்டுட்டா ரொம்ப நல்லது.”

அம்மா சரியென்றாள். நான் அம்மாவைவிட வேகமாகச் சரியென்றேன். கிருத்திகையன்று பகல் முழுக்கப் பட்டினி, ராத்திரி ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமும். வெள்ளிக்கிழமை ஒருவேளைச் சாப்பாடு. பிறகு நானாகத் திங்கட்கிழமையையும் சேர்த்துக்கொண்டேன்.

ஏனென்றால் அம்மா கிணற்றடியில் என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தாள். “எம் பெரிய பொண்ணு பச்சத் தண்ணி பல்லுல படாம இருக்கறா. சின்னதுக்கு அந்தப் பொறுமை வராது.” இதைக் கேட்டதும் என் பசி போய்விடும். எதிரே தங்கை உட்கார்ந்து சோறு பிசையும்போது, வேண்டுமென்றே பக்கத்தில் போய் உட்காருவேன். அவள் தின்னத் தின்ன எனக்கு ஏதோ ஜெயித்த மாதிரி இருக்கும். களியில் அவளை ஜெயிக்க முடியாது, பட்டினியில் முடியும்.

வளையல்கள் முழங்கை வரை ஏறின. தலை வாரினால் சீப்பில் கொத்தாக முடி வந்தது. பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நிற்கும்போது கண் இருட்டும். படித்த பாடம் மனதில் தங்கவில்லை. காரணமில்லாமல் அழுகை வரும். ஒருநாள் தங்கை என் பேனா டப்பாவைத் தொட்டாள் என்று சீப்பை அவள் முகத்தில் எறிந்தேன். அத்தை அதற்கும் காரணம் வைத்திருந்தார். “அது வயசுக்கு வராத கோவம். வந்துட்டா அடங்கிடும்.” இன்னும் கவனமாக விரதம் இருந்தேன். சாப்பிடாததால்தான் அழுகிறேன் என்று சொல்ல அந்த நான்கு குடித்தனத்தில் ஒருவரும் இல்லை.

இப்படியே ஒரு வருஷம் போனது. பத்தாவதில் கணக்கில் தவறிவிட்டு வீட்டில் இருந்தேன். அப்போது ஒரு கிருத்திகையன்று தங்கை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

“எனக்கும் சோறு வேணாம். நானும் விரதம்.”

“உனக்கெதுக்குடி விரதம்?” என்றாள் அம்மா.

“எப்பப் பாத்தாலும் அக்கா அக்கான்னு அவளையே பெருமையாப் பேசற. நான் துன்னா மட்டும் பண்ணி மாதிரி துன்றேன்னு சொல்ற.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னைப் பார்த்து அவளுக்குப் பொறாமை. இத்தனை நாளாக நான் நினைத்துக்கூடப் பார்க்காத விஷயம். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. அம்மா பதறிப்போய்த் தட்டைத் திரும்ப அவள் முன்னால் இழுத்து வைத்தாள்.

“அறிவு கெட்டவளே! வயித்தைக் காயப்போட்டா கர்ப்பப்பை வத்திப் போயிடும்டி! துன்னு!”

வீட்டில் நான் குரலை உயர்த்திப் பேசினதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

“அப்ப எனக்கு வத்தாதாம்மா?” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். முகத்தை இல்லை, என் கையை. மணிக்கட்டை, வளையலை, கழுத்தெலும்பை எல்லாம் வரிசையாகப் பார்த்தாள். தங்கை தட்டை இழுத்துச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு எனக்குப் பாலும் பழமும்தான்.

அடுத்த கிருத்திகையன்று வறுத்த உளுந்து வாசனையில் விழித்தேன். அம்மா குனிந்து களி கிண்டிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தியிருந்தாள். ஆனால் நல்லெண்ணெய் வாசனைக்குக் கதவு ஏது? கொஞ்ச நேரத்தில் எதிர் போர்ஷன் அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

“இன்னாம்மே, வாசனை தூக்குது? பெரியவ ஆயிட்டாளா? சொல்லவே இல்ல?”

அது வர எனக்கு இன்னும் பல மாதம் இருந்தது. அம்மா என்ன சொல்லப் போகிறாளோ என்று தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆகாத பெண்ணுக்குக் களி என்றால் நாலு குடித்தனமும் சிரிக்கும்.

“ஆவலக்கா. பொண்ணுக்குப் பசிக்குது, துன்றா” என்றாள் அம்மா. சொல்லிவிட்டு உருண்டையில் குழி பறித்து எண்ணெய் விட்டாள்.

அத்தை மோவாயில் கை வைத்துக்கொண்டார். பிறகு போய்விட்டார். அம்மா அந்த இடத்தை விட்டு நகராமல், நான் விழுங்குகிறேனா என்று நின்று பார்த்தாள். தங்கை பாயிலிருந்து எழுந்து வந்து முதலில் என் தட்டைப் பார்த்தாள், பிறகு சட்டியை எட்டிப் பார்த்தாள்.

“அக்காவுக்கு மட்டும் ஜாஸ்தி” என்றாள்.

நான் தட்டை மடியோடு சேர்த்து வைத்துக்கொண்டு தின்றேன்.