அக்காவின் முதுகும் ஊதாப் புள்ளிகளும்

கட்டிலை ஒட்டிய ஜன்னல் கம்பியில் அக்கா ஒரு பழைய நூல்புடவையை முறுக்கிக் கட்டியிருந்தாள். விடிந்ததும் அதைப் பிடித்து இழுத்துத்தான் அவளால் எழுந்து உட்கார முடியும். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலையில் விறைத்துக் கிடக்கும் முதுகு, நடக்க நடக்க இளகி, பஸ் ஏறும் நேரத்துக்குச் சரியாகிவிடும். அதுவே அவளுக்கு வினையானது. "அடுப்பு பத்த வெக்கறப்ப வர்ற வலி, ஆபீஸ் போறப்ப எங்க போவுது?" என்று அவள் மாமியார் எங்கள் காதுபடவே கேட்பார். எக்ஸ்ரேயிலும் அன்று ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு டவுனில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை. நோயாளிகளின் சதைத் துணுக்குகளை மெல்லிசாகச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுப்பேன். அதனாலேயே உடம்பைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற நினைப்பு எனக்கு. "வயிறு கெட்டா நாலு நாள்ல முதுகு ஜாஸ்தியா புடிச்சிக்குதுடி" என்று அக்கா பலமுறை சொன்னாள். "வயிறு வேற, முதுகு வேறக்கா. சும்மா மனசைப் போட்டு ஒழப்பிக்காத" என்றேன். பிறகு அவள் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். மாமியார் பேச்சைவிட அதுதான் அவளைத் தனியாக்கியிருக்க வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் அவளுக்கு மலத்தில் ரத்தம் போனது. குடலிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கு எங்கள் கூடத்துக்கே வந்தது. அக்காவின் சதையை என் கையாலேயே சீவினேன்; முதல் சீவல் கிழிந்துபோனது, இன்னொன்று சீவினேன். தகட்டைப் பார்த்த எங்கள் கூடத்து டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். விரல் விரலாக எழுந்து நிற்க வேண்டிய குடற்சுவர் சிதைந்து, அதில் எங்கும் ஊதாப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. எல்லாம் உடம்பைக் காக்கும் செல்கள். அக்கா சொன்னதைத் தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"காவல்கார செல்லுங்க குடல்லதான் ஜாஸ்திம்மா. எதை விடணும், எதை அடிக்கணும்னு அங்கதான் பழகுதுங்க. அங்க தப்பா உசுப்பேறுனதுங்க ரத்தத்துல ஏறி முதுகெலும்பு வரைக்கும் போயி சொந்த உடம்பையே அடிக்கலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க நெனைக்கிறாங்க. முழுசா இன்னும் யாருக்கும் தெரியல. ஆனா உங்கக்கா சொன்னது கற்பனை இல்ல."

எத்தனையோ குடல்களை நான் சீவியிருக்கிறேன். அந்தப் புள்ளிகள் எனக்கு வெறும் சாயமாகவே இருந்தன. அவை பழகும், வழி தவறும், பயணம் போகும் என்று நினைத்ததே இல்லை. எந்தக் கருவியும் இல்லாமல், படுக்கையில் விறைத்துக் கிடந்தபடியே, அந்தப் பயணத்தை நாள் கணக்கில் அளந்து வைத்திருந்தாள் அக்கா.

மூட்டு டாக்டர் வேறொரு ஸ்கேன் எடுத்து, இது முதுகெலும்பைத் தாக்கும் ஒருவகை வாதம் என்று சொன்னார்; ஊசிகள் தொடங்கின. விஷயம் மாமியார் காதுக்கும் போனது. மறுநாள் அக்கா எழுந்திருக்கும் முன்பே அவர் அடுப்பில் வைத்த உலை கொதித்துக்கொண்டிருந்தது. "அப்பவே சொன்னேன்ல" என்று என்னிடம் மட்டும் அக்கா சொன்னாள். குரலில் கோபமில்லை.

இன்று பெரும்பாலான காலைகளில் தானாகவே எழுந்துவிடுகிறாள். எப்போதாவது போன் வரும்: "வயிறு சரியில்லடி. வியாழக்கிழமை முதுகு புடிக்கும் பாரு."

"சொல்லுக்கா" என்கிறேன். அவள் சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறப்பதில்லை.